மோதிர விரல்

மார்ச் 6

சின்னவளுக்கு,

ஒன்பது வருடம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க அல்ல. ஒரே ஒரு விஷயம் கேட்க வேண்டும். அதற்கு மட்டும் பதில் போட்டால் போதும்.

எங்கள் ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரின் அறையில் மருந்துக் கம்பெனிக்காரர்கள் ஒரு காலண்டர் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு ஓவியம். ஒன்றாம் தேதி காலை நான் எக்ஸ்ரே உறைகளைக் கொண்டுபோய் வைத்தபோது டாக்டர் பிப்ரவரியைக் கிழித்துக்கொண்டிருந்தார். மார்ச் மாதம் நீ வரைந்தது. அடியில் இருந்த பெயரைப் படிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. வெள்ளைக் கல்லில் செதுக்கின மாதிரி ஒரு பெண். முகத்தில் பாதி கண். ஒரு தோளை மட்டும் மூடிய உடை. மார்புக்கு நேராக இரண்டு கையையும் சேர்த்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். ‘மெசபடோமியச் சிலைகளின் பாணியில்’ என்று அச்சடித்திருக்கிறது.

டாக்டருக்கு எதைப் பார்த்தாலும் எலும்புதான். கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "இந்த அம்மாவுக்கு இடது மோதிர விரல் முறிஞ்சு, கட்டே போடாம தானா கூடியிருக்கு பாருங்க. வரைஞ்சவங்க நிஜமான கை ஒண்ணைப் பாத்துத்தான் வரைஞ்சிருக்காங்க" என்றார்.

அந்த விரலைப் பற்றி உனக்கு யார் சொன்னது?

போன் செய்திருக்கலாம். செய்தால் அவர் எடுப்பார். அதனால்தான் கடிதம்.

அக்கா

---

மார்ச் 15

அக்கா,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அப்புறம் நிதானமாக எண்ணிப் பார்த்தேன். நம் வீட்டில் இன்னும் போக வேண்டியவர்கள் மூன்றே பேர். ஒருத்தர் பக்கத்து அறையில் குறட்டை விடுகிறார். ஒருத்தி உறையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். மூன்றாவது ஆள் அதை எழுதியவள். சரி, எல்லாரும் இருக்கிறோம் என்று பிரித்தேன்.

ஒன்பது வருடத்துக்கு அப்புறம் ஒரு விரலைப் பற்றிக் கேட்கிறாய். உன்னை விட்டால் வேறு யாருக்கும் இது வராது.

எந்த விரல்? எனக்குக் கை வரைய வராது. படித்த காலத்திலிருந்தே வராது. எங்கள் வாத்தியார் என் கைகளைப் பார்த்து "என்னம்மா, கிழங்குக் கட்டா?" என்று கேட்பார். நான் கண்ணில்தான் ஆரம்பிப்பேன். வெள்ளைப் பூச்சு காய்ந்ததும் கரியால் இரண்டு கண், அதைச் சுற்றித் தார் மாதிரி கறுப்பு விளிம்பு. கண் வந்துவிட்டால் அந்தப் பெண் வந்துவிட்டாள். கை கடைசியில், வேண்டாவெறுப்பாக. உங்கள் டாக்டர் என் அரைகுறை வேலையைப் பார்த்து வைத்தியம் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

அந்தச் சிலைகளைப் பற்றி உனக்குத் தெரியுமோ என்னவோ. நாலாயிரத்து ஐநூறு வருடத்துக்கு முன்னால் அந்த ஊர்க்காரர்கள் தங்களைப் போலவே ஒரு உருவம் செய்து கோயிலில் நிறுத்திவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்களாம். இவர்களுக்குப் பதிலாக அது கையைச் சேர்த்துக்கொண்டு, கண்ணை இமைக்காமல், சாமி முன்னால் நின்றுகொண்டே இருக்கும். நான் இதையெல்லாம் மியூசியத்தில் பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுகிறார்கள். உனக்காவது உண்மை நினைவிருக்கும். அப்பா அச்சகத்திலிருந்து வீணாய்ப்போன தாள்களைக் கொண்டுவருவாரே, பின்பக்கம் நான் வரையட்டும் என்று. அதில் ஒரு சரித்திரப் பாடப் புத்தகத்தின் தாள் கட்டுக் கட்டாக இருந்தது. நிறம் இடம் மாறி விழுந்து அந்தச் சிலைப் பெண்களுக்குக் கண்ணுக்கு மேல் கண். என் முதல் மாடல்கள் அவர்கள்தான். கொண்டுவந்து கொடுத்தது அப்பா.

‘அவர்’ என்று எழுதியிருக்கிறாய். அவர் உனக்கும் அப்பாதான். அம்மாவை எடுத்துக்கொண்டு போன அன்று அத்தனை பேருக்கு முன்னால் "நீங்க அம்மாவைத் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போனவள் நீ. அந்த மனுஷன் அப்படியே கூனிப்போய் நின்றதைப் பார்த்தவள் நான். அன்றிலிருந்து என்னோடுதான் இருக்கிறார். எண்பது வயது. மறதி முற்றிவிட்டது. முன்பெல்லாம் நான் வரையும்போது பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, நிறம் பற்றியெல்லாம் சொல்வார். இப்போது படத்தில் இருப்பவர்களை ஆள் என்றே நினைக்கிறார். "பாவம் குட்டி, எவ்வளவு நேரம் நிப்பாங்க, உக்காரச் சொல்லு" என்கிறார். போன வாரம் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய் ஒருத்தியிடம் நீட்டிக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

சின்னவள்

---

மார்ச் 22

சின்னவளுக்கு,

யாரும் சொல்லவில்லை என்றால் சரி. நான் கேட்டதை மறந்துவிடு.

மறக்க மாட்டாய் என்று தெரியும். எனவே இரண்டு விஷயம். மற்றப் படங்களிலும் இடது கையைப் பார். அடுத்தது, அவரை அந்த அறையில் உட்கார விடாதே. அவர் நன்மைக்காகச் சொல்லவில்லை.

இங்கே வேலை அதிகம். திடீர்க் கோடை மழையில் வழுக்கி விழுந்தவர்கள் வரிசையாக வருகிறார்கள்.

அக்கா

---

ஏப்ரல் 9

அக்கா,

பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

விற்றுப்போன படங்களுக்கெல்லாம் போட்டோ வைத்திருக்கிறேன். பதினெட்டு வருடத்தில் முப்பத்தொரு பெண்கள். நின்றவள், உட்கார்ந்தவள், கிழவி, கர்ப்பிணி. இடது கை தெரிகிறவர்கள் இருபத்தாறு பேர். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இருபத்தாறு பேருக்கும் மோதிர விரல் நடுக்கணுவில் வெளிப்பக்கமாக ஒடிந்து நிற்கிறது. நுனி கொஞ்சம் மேலே தூக்கியிருக்கிறது. கிழங்குக் கட்டு இல்லை அக்கா. மற்ற விரல்கள்தான் கிழங்கு. அந்த ஒரு விரல் மட்டும் நகத்தின் வளைவு வரைக்கும் அவ்வளவு சரியாக இருக்கிறது. கை வேண்டுமென்றால் என் கையைத்தான் கண்ணாடியில் பார்த்து வரைவேன். என் விரல் நேராக இருக்கிறது.

என் கை எனக்குத் தெரியாமல் பதினெட்டு வருடமாக என்னவோ செய்துகொண்டிருக்கிறது. இப்போது தூரிகையை எடுத்தாலே கை கூசுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போயிருந்தேன். பத்து நிமிஷம் இருக்கும். இறங்கி வந்தால் வீடெல்லாம் டர்பன்டைன் வாடை. அப்பா நான் தூரிகை துடைக்கும் துணியை நனைத்து எடுத்துக்கொண்டு புதுப் படத்தின் முன்னால் மண்டியிட்டிருந்தார். மேலே பூசின நிறம் இன்னும் காயவில்லை. கையை மட்டும் தேய்த்து அழித்திருக்கிறார். முகத்தைத் தொடவில்லை, உடையைத் தொடவில்லை. இரண்டு மணிக்கட்டுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு குழம்பல்.

"என்னப்பா பண்றீங்க?" என்றேன்.

திரும்பிப் பார்க்காமலே, "போக மாட்டேங்குது குட்டி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவ பாக்கறா" என்றார்.

துணியைப் பிடுங்கி, கையைக் கழுவிவிட்டு, படுக்க வைத்தேன். அவர் படுக்கிற அறைக்கும் நான் வரைகிற அறைக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது. அதைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன். பூட்டச் சொன்னார்.

எல்லாப் படத்தையும் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். இப்போது முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அது இன்னும் மோசமாக இருக்கிறது. கூப்பிட்டால் திரும்பிவிடுவார்கள் போல.

நீ எதையோ வைத்துக்கொண்டு சொல்லாமல் இருக்கிறாய். சொல்.

சின்னவள்

---

ஏப்ரல் 17

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை டியூட்டி முடிந்து மூன்று தடவை படித்தேன். சொல்லக் கூடாது என்றுதான் இத்தனை வருடம் இருந்தேன். வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் உனக்கே தெரியாமல் உன் கை சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் வாயை மூடிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

அது அம்மாவின் விரல்.

எனக்கு இருபது வயது, எக்ஸ்ரே பயிற்சியில் சேர்ந்த வருடம். அம்மா இருமலுக்கு மருந்து வாங்க வந்திருந்தாள். "படம் எடுத்துப் பழகணும், கையைக் குடும்மா" என்றேன். விளையாட்டாகத்தான். முதலில் வேண்டாம் என்றாள். நர்ஸ் சிரிக்கவும் இரண்டு கையையும் கொடுத்தாள். அந்தக் காலத்தில் படத்தைத் தொட்டியில் கழுவி, சொட்டச் சொட்ட விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்ப்போம். வைத்தேன். இடது மோதிர விரல் இரண்டு இடத்தில் முறிந்து கூடியிருந்தது. சுண்டு விரல் ஒரு தடவை. வலது மணிக்கட்டில் பழைய விரிசல். எல்லாம் வெவ்வேறு வயது. எலும்பில் வயது தெரியும், அதுதான் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது.

அம்மா பின்னால் வந்து நின்றாள். "என்ன தெரியுது?" என்றாள்.

"எல்லாம் தெரியுது."

தன் கையை அப்படி வெளிச்சத்தில் பார்ப்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது போல. அப்புறம், "சின்னவளுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது."

"அப்ப அவளுக்காவது ஒரு அப்பா இருந்துட்டுப் போகட்டும். நீ சொல்லிடாதே."

எனக்கு? என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஏன் செய்தார் என்று கேட்பாய். காரணம் என்று ஒன்றைச் சொன்னால் நீ அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவாய், அதனால் சொல்லவில்லை. அதோடு, சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஒரு நாள் சாப்பாடு ஆறியிருந்தது. ஒரு நாள் ஆறவில்லை. குடிக்க மாட்டார், கத்த மாட்டார், உனக்கே தெரியும். மெதுவான மனுஷன். அச்சகத்தில் ஒரு தாளை உருவுகிற மாதிரி ஒரு விரலை எடுப்பார். உனக்குப் பத்து வயது ஆனபோது நின்றுவிட்டது. ஏன் நின்றது என்றும் தெரியாது.

அம்மா இரண்டு கையையும் மார்புக்கு நேரே சேர்த்து வைத்துக்கொண்டுதான் யாரிடமும் பேசுவாள், நினைவிருக்கிறதா? அடக்கமான பெண் என்று அக்கம்பக்கத்தில் பேர். விரலை மறைக்கத்தான்.

அக்கா

---

ஏப்ரல் 22

அக்கா,

உனக்கு அவரைப் பிடிக்காது. எப்போதுமே பிடிக்காது. நான் அவர் மடியில் உட்கார்ந்தால் நீ எழுந்து வெளியே போவாய். அந்தப் பொறாமைக்கு இப்போது எலும்பும் சதையும் வைத்துக் கதை கட்டியிருக்கிறாய்.

எனக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்த கை அது. அம்மா அச்சகத்தில் கொஞ்ச நாள் பைண்டிங் வேலை செய்தாள். கத்தியில், மெஷினில் மாட்டி முறிந்திருக்கலாம். உனக்கு எக்ஸ்ரே தெரியும், சரி. எலும்பு முறிந்தது தெரியும். யார் முறித்தது என்று அதில் விழுமா?

அவர் தன் பக்கம் பேச முடியாத நிலைக்கு வந்தபிறகு எழுதியிருக்கிறாய். இதற்கு மேல் எழுதாதே.

---

மே 20

அக்கா,

நீ எழுதவில்லை. நான் சொன்னதை இந்த ஒரு தடவையாவது கேட்காமல் இருந்திருக்கலாம்.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். குறுக்கே அழுதுவிட்டால் பாதியில் நின்றுவிடும்.

உன் கடிதத்துக்குப் பிறகு அப்பாவை எப்போதும் போலத்தான் கவனித்தேன். கூடுதலாகவே என்று சொல்லலாம். உனக்கு எதிராக. குளிப்பாட்டினேன், ஊட்டினேன், அச்சகத்துக் கதைகளைக் கேட்டேன். ஒன்றுமே மாறவில்லை என்று எனக்கே காட்டிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் தேதி, மத்தியானச் சாப்பாடு முடிந்து, ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். வலது கை முடிந்தது. இடது கையை எடுக்கப்போனேன். அவர் என் கையைப் பிடித்தார். அரைத் தூக்கம். என் முகத்தைப் பார்த்தார், ஆனால் நான் அங்கே இல்லை. வேறு யாரையோ பார்க்கிறார். என் இடது கையைத் திருப்பி, தன் கட்டைவிரலை என் மோதிர விரலுக்கு அடியில் கொடுத்து, மற்றக் கையை மேலே மூடினார். தடுமாற்றமே இல்லை அக்கா. சட்டைப் பொத்தான் போடத் தெரியாத மனுஷன். கரண்டியை எப்படிப் பிடிப்பது என்று தினமும் சொல்லிக் கொடுக்கிறேன். இது மட்டும் அந்தக் கைக்கு மறக்கவில்லை.

எனக்குக் கதை சொல்லித் தூங்கவைப்பாரே, அந்தக் குரல். அதே குரலில் சொன்னார்: "சத்தம் போடாதே. குட்டி தூங்கறா."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். நான் சரி என்று சொல்வதற்காகக் காத்திருந்தார்.

நான் தலையாட்டினேன்.

ஏன் ஆட்டினேன் என்று தெரியாது. கையை இழுத்திருக்கலாம், அவருக்கு இப்போது ஒரு பிஸ்கட்டை ஒடிக்கக்கூடத் தெம்பில்லை. ஆனால் தலை தானாக ஆடியது. அவர் விரலை லேசாக மேலே வளைத்தார். வலிக்கவே இல்லை. அப்புறம் பிடி தளர்ந்து, தூங்கிவிட்டார். நான் தரையில் உட்கார்ந்து மிச்ச நகங்களை வெட்டி முடித்தேன்.

அதற்கப்புறம்தான் நினைவு வந்தது. நான் தூங்கவில்லை. மத்தியானத் தூக்கம் எனக்கு எப்போது வந்திருக்கிறது? கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பேன், நீங்கள் எல்லாரும் நான் தூங்குகிறேன் என்று நினைப்பீர்கள். எனக்கு ஆறு வயதிருக்கும். போர்வைக்குள் அந்தச் சரித்திரப் பாடத் தாள் இருந்தது. ஒரு மத்தியானம் அம்மா உள் அறையிலிருந்து வந்து வாசற்படியில் நின்றாள். மார்புக்கு நேராக இரண்டு கையும் சேர்ந்திருந்தது. கண் அவ்வளவு பெரிதாக, இமைக்காமல். நான் எழுந்து உட்கார்ந்து தாளைப் பார்த்தேன், அம்மாவைப் பார்த்தேன். அச்சு அசல். அம்மா என் படத்து அம்மா மாதிரி நின்று காட்டுகிறாள், எனக்காக விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

நான் சிரித்தேன் அக்கா. கை தட்டினேன். "அப்படியே நில்லும்மா, அசையக் கூடாது" என்றேன்.

அம்மா நின்றாள். நான் பென்சிலைத் தேடி எடுத்து, தாளைத் திருப்பி, வரைந்து முடிக்கிற வரைக்கும் அசையாமல் நின்றாள்.

அதற்கப்புறம் நான் வரைந்ததெல்லாம் அந்த ஒரு மத்தியானத்தைத்தான். முப்பத்தொரு பேரை நிறுத்தி வைத்து, யாரையும் உட்கார விடாமல்.

உன்னிடம் சொன்ன வார்த்தைகளுக்கு என்னை மன்னித்துவிடு. அவரை என்ன செய்வது என்று சொல். நேற்று அவருக்குச் சாப்பாடு ஊட்டும்போது பாதியில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். "என்ன குட்டி, உடம்பு சரியில்லையா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

சின்னவள்

---

மே 27

சின்னவளுக்கு,

மன்னிப்பெல்லாம் வேண்டாம். நானும் உன்னிடம் முழு உண்மையைச் சொல்லவில்லை.

எக்ஸ்ரேயில் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது என்கிற மாதிரி எழுதியிருந்தேன். அது பொய். அந்த விளக்குப் பெட்டிக்கு முன்னால் நான் அதிர்ச்சி அடைந்த மாதிரி நடித்தேன், அம்மாவும் அதை நம்பின மாதிரி நடித்தாள். எனக்குப் பன்னிரண்டு வயதிலிருந்தே தெரியும். அவர் சாப்பிட்டுவிட்டு உள் அறைக்குப் போய் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். மற்ற நேரமெல்லாம் ‘இந்தா’தான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் அம்மா போகிற வழியில் என்னைப் பார்ப்பாள். நான் எழுந்து ரேடியோவைப் போடுவேன். முதல் தடவை அம்மா சொல்லித்தான் போட்டேன். அதற்கப்புறம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நீ கேட்டுவிடக் கூடாது என்று போட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். எனக்குக் கேட்கக் கூடாது என்றுதான் போட்டேன். பக்கத்து வீட்டில் ஒரு போலீஸ்காரர் குடும்பம் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம். ரேடியோ இல்லாவிட்டால் அவருக்கு ஒரு நாளாவது கேட்டிருக்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நீ அம்மாவை நிற்கச் சொன்ன அன்று நான் ரேடியோ பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, நீ எப்போதாவது கேட்டுவிடுவாயோ என்று பயந்துகொண்டிருந்தேன். உன் மேல் எனக்கு அன்று வந்த மாதிரிக் கோபம் வேறு யார் மேலும் வந்ததில்லை. ஆறு வயசுக் குழந்தை மேல். நீ அப்பா மடியில் உட்கார்ந்தால் நான் வெளியே போனது பொறாமையால் இல்லை, அந்தக் கோபத்தால். இப்போது யோசித்தால், நீ வரைந்த அந்தக் கால் மணி நேரம் அம்மா உள்ளே திரும்பிப் போக வேண்டியிருக்கவில்லை. அவர் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். நீ வரைவதைப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டு, வேலைக்குக் கிளம்பிப் போனார். அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அவரை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிக்காரி என்ற முறையில் சொல்கிறேன். அவருக்கு வேளைக்குச் சாப்பாடு, மருந்து, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நீயாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

அக்கா

---

ஜூன் 30

அக்கா,

இந்த மாதம் முதல் வாரத்தில் அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்தேன். இரண்டு தெரு தள்ளித்தான். ஆண்களுக்கு ஆண்களே உதவியாளர்கள். கிளம்புகிற அன்று, "அவங்களும் வராங்களா?" என்று என் அறைப் பக்கம் கையைக் காட்டிக் கேட்டார். "இல்லப்பா, அவங்க இங்கதான்" என்றேன். அவருக்கு அது நிம்மதியாக இருந்தது. படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். என்னைப் பார்த்ததும் அந்த முகத்தில் வருகிற சந்தோஷத்தை நீ பார்த்ததில்லை. அறையில் இருக்கிற எல்லாரிடமும் "என் பொண்ணு, பெரிய ஆர்ட்டிஸ்ட்" என்கிறார். நான் பழம் உரித்துக் கொடுத்துவிட்டு வருகிறேன். அவர் கையைத் தொடுவதில்லை. அவர் என்னிடம் நல்லவராகத்தான் இருந்தார் அக்கா. ஒரு நாள்கூட, ஒரு வார்த்தைகூட. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. தூக்கிப் போடவும் முடியவில்லை, வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. உன்னிடம் கொடுக்க முடியாது என்பது மட்டும் தெரியும்.

அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆளில்லை.

ரேடியோவைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கு அந்த ரேடியோ நினைவிருக்கிறது. மத்தியானத்தில் படுத்திருக்கும்போது அக்கா எனக்காகப் பாட்டு வைக்கிறாள் என்று நினைப்பேன். உன்னைப் பற்றி யாராவது கேட்டால், இந்த ஒன்பது வருடத்திலும், அதைத்தான் சொல்லியிருக்கிறேன். அதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

படங்களைத் திருப்பி வைத்துவிட்டேன். சுவர் பக்கமிருந்து இந்தப் பக்கம். கண்காட்சிக்காரர்கள் நவம்பருக்குப் புதுப் படம் கேட்கிறார்கள். பத்து நாளாக ஒரு பெரிய கேன்வாஸ் முன்னால் நிற்கிறேன். அம்மாவை வரையலாம் என்று. அம்மாவை, சிலையை இல்லை. கரியை எடுத்தால் கை தானாக அந்தப் பெரிய கண்ணைப் போடுகிறது. அழித்துவிட்டுத் திரும்ப வரைந்தால் மறுபடியும் அதே கண், அதே மூடின வாய். கண்ணை மூடி அம்மாவை நினைத்தால் சிலைதான் வந்து நிற்கிறது. போட்டோ ஒன்றுகூட இல்லை. அம்மாவுக்கு எப்படி மூக்கு, அக்கா? புருவம் எப்படி? சிரித்தால் எப்படி இருப்பாள்? நாற்பது வருடமாக அவளையே வரைந்துகொண்டிருக்கிறேன், முகம் என்னிடம் இல்லை.

அது உன்னிடம்தான் இருக்கிறது. நீ வர முடியுமா? நீ சொல்லச் சொல்ல நான் வரைகிறேன். இங்கே இப்போது நான் மட்டும்தான் இருக்கிறேன்.

சின்னவள்

---

ஜூலை 5

சின்னவளுக்கு,

இரண்டு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த ஒன்பது வருடத்தில் நான் லீவே எடுத்ததில்லை என்று ஆபீஸில் அவர்களே கணக்குப் பார்த்துச் சொன்னார்கள். இந்தச் சனிக்கிழமை மத்தியான வண்டி. ஸ்டேஷனுக்கு வராதே, வழி விசாரித்து வந்துவிடுவேன். முதியோர் இல்லம் இருக்கிற தெரு எது என்று மட்டும் எழுதாதே.

நீ கேட்டதில் கொஞ்சத்தை இப்போதே சொல்கிறேன், நான் வரும்வரை அந்தக் கேன்வாஸ் முன்னால் சும்மா நிற்க வேண்டாம்.

அம்மாவுக்குப் பெரிய கண் இல்லை. சாதாரணக் கண்தான், சிரித்தால் காணாமலே போய்விடும். மூக்கு நுனி கொஞ்சம் இடது பக்கம் திரும்பியிருக்கும். சிரிக்கும்போது மேல் ஈறு தெரியும். அது அசிங்கம் என்று அவளாகவே நினைத்துக்கொண்டு உதட்டை இழுத்து மூடிக்கொள்வாள், ஆனால் நாம் இரண்டு பேரும் மட்டும் இருந்தால் மூட மாட்டாள். இடது புருவத்தில் குறுக்கே ஒரு தழும்பு, அந்த இடத்தில் முடி முளைக்காது. அதைப் பார்த்து நீ எதையும் நினைத்துக்கொள்ளாதே. அது அவர் செய்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னால், பதினஞ்சு வயதில், பழம் பறிக்க ஏறின மரத்திலிருந்து கீழே விழுந்தது. ரத்தம் ஒழுக ஒழுகப் பழத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாளாம். சொல்லும்போதெல்லாம் சிரிப்பாள்.

அம்மா மரம் ஏறுவாள் என்று உனக்குத் தெரியுமா?

அக்கா